சாளை விலையும் செல்போனும்: ஓர் ஆய்வு சொன்னதும் சொல்லாமல் விட்டதும்

1997-ம் வருடம் ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை. தமிழ்நாட்டில் பொங்கல் சமயம். வடகேரளத்தில் வடகரை என்ற கடற்கரை ஊரில் காலை எட்டு மணி வாக்கில் 11 மீனவர்கள் வள்ளம் நிறைய சாளையோடு நிற்கிறார்கள். வாங்க ஆள் இல்லை. ஐஸ் இல்லை, குளிர்பதன அறை இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் போனால் மீனை மறுபடி கடலில்தான் கொட்ட வேண்டும்.

அதே நேரத்தில், அங்கிருந்து 15 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வேறு இரண்டு கடற்கரைச் சந்தைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு கிளம்பிக் கொண்டிருக்கிறார்கள். அங்கே சாளை கிலோ ஏறக்குறைய 10 ரூபாய். வடகரையில் விலை பூஜ்யம்!

இது கதையல்ல. ராபர்ட் ஜென்சன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 2007-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் வரும் உதாரணம். 'குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்' என்பது பொருளாதாரத்தில் மிகப் பெரிய பத்திரிகைகளில் ஒன்று. அதில் கேரளத்துச் சாளை இடம்பிடித்தது. தகவல் தொடர்பு பற்றி உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளில் இந்த அளவுக்குப் பேர் வாங்கியவை ரொம்பக் குறைவு. செல்போன் ஏழைகளுக்கு உதவுமா என்று யாராவது கேட்டால், பதிலாக இந்தச் சாளைக் கதையைத்தான் சொல்வார்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கதை ரொம்ப நெருக்கமானது. மரச்சீனிக் கிழங்கும் சாளைக்கறியும் இல்லாத வீடு இங்கே எத்தனை? ஆனால் அந்தச் சாளை கரைக்கு வந்து, ஏலம் போய், தலைச்சுமையாக ஊருக்குள் வந்து சேரும் கணக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தக் கணக்கோடு ஜென்சனின் ஆய்வை வைத்துப் பார்த்தால், அது சொன்னது எவ்வளவு, சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று புரியும்.

ஆய்வு என்ன சொன்னது?

முதலில் ஆய்வுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். அது சாதாரண வேலை இல்லை.

கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு ஆகிய மூன்று மாவட்டங்களில் 15 கடற்கரைச் சந்தைகள். 300 மீன்பிடி வள்ளங்கள். 1996 முதல் 2001 வரை வாரம் தவறாமல் கணக்கெடுப்பு: எவ்வளவு மீன் கிடைத்தது, எங்கே விற்றார்கள், என்ன விலை, எவ்வளவு வீணானது.

இந்தக் காலத்தில்தான் அந்தப் பகுதிக்கு செல்போன் கோபுரங்கள் வந்தன. மூன்று பகுதிகளுக்கும் ஒரே நாளில் வரவில்லை. 1997-ல் ஒரு பகுதி, 1998-ல் அடுத்தது, 2000-ல் மூன்றாவது. ஆய்வாளருக்கு இது அதிர்ஷ்டம். ஒரு பகுதியில் செல்போன் வந்த பிறகு என்ன மாறியது என்பதை, இன்னும் வராத பகுதியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் அல்லவா? சோதனைக்கூடத்தில் செய்யும் பரிசோதனை மாதிரியே நிஜ வாழ்க்கையில் ஒன்று தானாக அமைந்துவிட்டது.

கோபுரங்கள் கரையோர ஊர்களுக்குப் பக்கத்தில் இருந்ததால் கடலுக்குள் 20, 25 கிலோமீட்டர் வரை சிக்னல் கிடைத்தது. மீனவர்கள் கடலில் இருந்தபடியே கரைக்குப் போன் செய்து "அங்கே என்ன விலை போகுது?" என்று கேட்டார்கள். எங்கே விலை அதிகமோ அங்கே வள்ளத்தைத் திருப்பினார்கள். அழைத்தாலும் காசு, வந்த அழைப்பை எடுத்தாலும் காசு என்று இருந்த காலம் அது. அப்படியும் 2001-க்குள் பாதிக்கும் மேற்பட்ட வள்ளங்களில் செல்போன் இருந்தது.

விளைவு என்ன? சந்தைக்குச் சந்தை இருந்த தாறுமாறான விலை வித்தியாசம் சட்டென்று குறைந்தது. முன்பு நாள்தோறும் பிடித்ததில் 5 முதல் 8 சதவீதம் வரை வீணாகிக் கொண்டிருந்த மீன், வீணாவது கிட்டத்தட்ட நின்றே போனது. மீனவர்களின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. வாங்குபவர்களுக்கு விலை 4 சதவீதம் குறைந்தது.

விற்பவனுக்கும் லாபம், வாங்குபவனுக்கும் லாபம்! வணிகவியல் முதலாண்டுப் பாடத்தில் 'ஒற்றை விலை விதி' என்று ஒன்று வரும். ஒரே பொருளுக்கு இரண்டு சந்தைகளில் இருக்கும் விலை வித்தியாசம், அதைக் கொண்டுபோகும் வண்டிக்கூலியைவிட அதிகமாக இருக்க முடியாது என்பார்கள். தேர்வுக்கு மட்டும் எழுதி மறந்து போகிற அந்த விதி கடற்கரை மணலில் கண்முன்னே நடந்ததாக ஒருவர் நிரூபித்துக் காட்டினால், பேராசிரியர்கள் துள்ளிக் குதிக்க மாட்டார்களா? குதித்தார்கள். 'எகனாமிஸ்ட்' பத்திரிகை எழுதியது. மேடை மேடையாக எடுத்துச் சொன்னார்கள். அரசு ஒன்றும் செய்ய வேண்டாம், கோபுரத்தை நட்டால் போதும், மீதியைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று சிலர் அதை இழுத்துக்கொண்டும் போனார்கள்.

ஆய்வு தவறில்லை. சிக்கல் அது இழுக்கப்பட்ட தூரத்தில் இருக்கிறது.

கடன் என்னும் நங்கூரம்

விலை தெரிந்தால் போதும், அதிக விலை கிடைக்கும் இடத்துக்கு மீனவர் போய்விடுவார் என்பதுதான் இந்தக் கதையின் ஆணிவேர். நிஜத்தில் எல்லா மீனவராலும் அப்படிப் போக முடியுமா?

குளச்சலிலோ முட்டத்திலோ தேங்காப்பட்டணத்திலோ ஒரு வள்ளம் கரையேறுவதை நின்று பாருங்கள். வலையில் இருந்து மீனைப் பிரிப்பதற்கு முன்பே ஏலக்காரர் வந்து நிற்பார். மீன் குவியல் போடப்படும். நாலு பேர் கூடுவார்கள். ஏலம் ஓடும். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். விலையில் ஒரு பங்கு கமிஷனாகக் கழியும். பார்க்கிறவர்களுக்கு இது சுத்தமான போட்டிச் சந்தை போலத்தான் தெரியும்.

ஆனால் அந்த வள்ளத்துக்கு மோட்டார் வாங்க யார் பணம் கொடுத்தது? வலை கிழிந்தபோது யார் கொடுத்தது? மழைக்காலத்தில் தொழில் இல்லாமல் இருந்தபோது அரிசி வாங்க யார் கொடுத்தது? மகள் கல்யாணத்துக்கு? பல கரைகளில் அந்த முன்பணத்தைக் கொடுத்தவர் ஏலக்காரரோ வியாபாரியோதான். வங்கியில் ஜாமீன் கேட்பார்கள். கடலில் கிடக்கிற வலையை எந்த வங்கி ஜாமீனாக ஏற்கும்? ஆகவே முன்பணம். முன்பணம் வாங்கியவரிடம்தான் மீனை விற்க வேண்டும். இதுதான் எழுதப்படாத ஒப்பந்தம்.

இப்போது அவர் கையில் செல்போன் இருக்கிறது. பக்கத்துக் கரையில் கிலோவுக்கு 20 ரூபாய் அதிகம் என்று தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய? வள்ளத்தின் மூக்கைத் திருப்ப முடியாது. தகவல் உண்டு, சுதந்திரம் இல்லை!

இது வெறும் ஊகம் அல்ல. பெங்களூரைச் சேர்ந்த ஜானகி ஸ்ரீநிவாசன், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜென்னா பரல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மறுபடியும் கேரளக் கடற்கரைகளுக்குப் போய் மீனவர்களோடு பேசிப் பார்த்தார்கள். அவர்களுடைய கட்டுரைகள் 2013-லும் 2015-லும் வந்தன. அவர்கள் கண்டது என்ன? மீன்பிடிப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. பெரிய வலையோடு வடக்கே சாளை பிடிக்கிற வள்ளங்களுக்கு ஜென்சனின் கதை ஓரளவு பொருந்தும். சொந்த ஊர்க் கரையிலேயே இறக்கியாக வேண்டிய சிறிய வள்ளங்களுக்கும், ஏலக்காரரிடம் கடன்பட்டவர்களுக்கும் அது பொருந்தவில்லை. அவர்கள் செல்போனைப் பயன்படுத்தாமல் இல்லை. எஞ்சின் பழுதானால் கூப்பிட, கூட்டாளிகளுக்கு மீன் நிற்கும் இடத்தைச் சொல்ல, வீட்டில் என்ன நிலவரம் என்று கேட்க... விலை கேட்பது அதில் ஒரு சின்னப் பங்கு.

இதேபோல இன்னொன்று. 'ராய்ட்டர்ஸ்' என்ற உலகச் செய்தி நிறுவனம் 2007-ல் மகாராஷ்டிர விவசாயிகளுக்குச் சந்தை விலையையும் வானிலையையும் குறுஞ்செய்தியாக அனுப்பும் சேவையைத் தொடங்கியது. அதனால் விவசாயிகளுக்கு நல்ல விலை கிடைத்ததா என்று மார்செல் ஃபாஷாம்ப், பார்ட் மின்டன் என்ற இருவர் 100 கிராமங்களில் பரிசோதித்தார்கள். 2012-ல் முடிவு வெளியானது. குறுஞ்செய்தி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் கிடைத்த விலையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை!

கேரளத்து ஆய்வு எத்தனை பேருக்குத் தெரியும், மகாராஷ்டிரத்து ஆய்வு எத்தனை பேருக்குத் தெரியும்? நல்ல செய்தி வேகமாகப் பரவும். "பெரிய மாற்றம் இல்லை" என்ற செய்தி அலமாரியில் தூங்கும். தகவல் தொடர்பைப் பற்றிய ஆய்வுக்கே தகவல் தொடர்பில் இந்த ஓரவஞ்சனை நடக்கிறது என்பது வேடிக்கைதான்.

பெண்கள் எங்கே?

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். விலைக் கணக்கு எடுக்கும்போது கண்கள் வள்ளத்தின் மீதே இருக்கின்றன. வள்ளத்தில் இருப்பவர்கள் ஆண்கள்.

கரையில் ஏலம் எடுத்து, கூடையில் வைத்துத் தலைச்சுமையாக நாஞ்சில் நாட்டுக் கிராமங்களுக்கும் வடசேரிச் சந்தைக்கும் மீனைக் கொண்டுவருவது யார்? பெண்கள். கல்பனா ராம் என்ற மானிடவியலாளர் இந்த மாவட்டத்துக் கடற்கரையில் தங்கி ஆய்வு செய்து 1991-ல் 'முக்குவர் பெண்கள்' என்று ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். குடும்பத்தின் கடன், சேமிப்பு, சீட்டு, கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றிலும் பெண்களின் பங்கு எவ்வளவு பெரியது என்று அதில் விரிவாகக் காட்டினார். கணவன் கடலில், கணக்கு மனைவியிடம்.

அப்படியானால் சந்தையில் விலை வித்தியாசம் மறைந்தபோது அந்தப் பெண்களுக்கு என்ன ஆனது? மலிவாக இருக்கும் கரையில் வாங்கி, விலை ஏறிய ஊரில் விற்றுத்தானே அவர்கள் நாலு காசு பார்த்தார்கள்? விலை எங்கும் ஒன்றாகிவிட்டால் கொள்முதல் செய்யும் லாரிக்காரருக்கு வசதி. தலைச்சுமை வியாபாரிக்கு? 8 சதவீத லாபம், 4 சதவீத விலைக் குறைவு என்ற இரண்டு எண்களுக்கு நடுவில் அந்தக் கூடை காணாமல் போய்விடுகிறது. சராசரி என்பதன் தொல்லையே இதுதான். எல்லாரையும் கூட்டி வகுக்கும்போது யாரோ ஒருவர் மறைந்து போகிறார்.

கோபுரம் எட்டாத கடல்

சாளை கரையோரத்து மீன். காலையில் போனால் அன்றைக்கே திரும்பலாம். ஆகவே 25 கிலோமீட்டர் சிக்னல் போதும். ஆனால் குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் நீரோடியில் தொடங்கி இரயுமன்துறை வரை எட்டு ஊர்கள் இருக்கின்றன. தூத்தூர் வட்டாரம் என்பார்கள். அந்த ஊர்க்காரர்கள் ஆழ்கடல் மீனவர்கள், சுறா வேட்டைக்குப் பேர் போனவர்கள். லட்சத்தீவைத் தாண்டி, குஜராத் கடல் வரை போய் வாரக்கணக்கில் கடலிலேயே கிடப்பார்கள். அவர்களுக்குச் செல்போன் என்பது கரையை விட்டு இரண்டு மணி நேரத்தில் வெறும் டார்ச் லைட்டாகிவிடும் ஒரு பொருள்.

2017 நவம்பர் 29. இலங்கைக்குத் தென்கிழக்கே வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகிறது. மறுநாள் 30-ம் தேதி அதுவே ஒக்கிப் புயலாகிறது. கரையோரத்தில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. ரப்பரும் வாழையும் நாசமாயின. அதெல்லாம் கரையில் நடந்தது. வாரக்கணக்குக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த படகுகளுக்கு எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேரும்? படகில் இருந்த வயர்லெஸ் குறைந்த தூரத்துக்குத்தான் எட்டும். சாட்டிலைட் போன் வைத்துக்கொள்ள இந்தியாவில் கடுமையான கட்டுப்பாடு. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பவே இல்லை. காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார்ந்த பெண்களையும் குழந்தைகளையும் அந்த டிசம்பரில் நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

பத்து வருடத்துக்கு முன்னால் உலகத்துக்கே உதாரணமாகக் காட்டப்பட்ட 'செல்போன் மீனவர்' வாழ்ந்த அதே அரபிக் கடல்தான் இது!

இங்கே ஜென்சனைக் குற்றம் சொல்வதில் அர்த்தம் இல்லை. அவர் சாளையைப் பற்றி எழுதினார், புயலைப் பற்றி அல்ல. ஆனால் தகவல் தொடர்பு என்றால் விலை, விலை என்றால் லாபம் என்று ஒரே தடத்தில் உலகம் யோசிக்கப் பழகிவிட்டதற்கு இப்படிப்பட்ட புகழ்பெற்ற ஆய்வுகளும் ஒரு காரணம். லாபத்தை 8 சதவீதம் என்று அளக்கலாம். ஒரு எச்சரிக்கை சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்திருந்தால் எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்கள் என்பதை எந்தச் சதவீதத்தில் அளப்பது?

ஒரு போனும் ஒரு ஒலிபெருக்கியும்

எதிர் உதாரணமும் உண்டு. அதையும் சொன்னால்தான் நியாயம்.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு என்று ஒரு மீனவ கிராமம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த வட்டாரத்தில் கிராமத் தகவல் மையங்களை நடத்தி வந்தது. அலை எவ்வளவு உயரம், காற்று எப்படி என்று இணையத்தில் இருந்து எடுத்து, ஊரில் ஒலிபெருக்கி வைத்துத் தமிழில் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 காலை. சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தார். ஊரில் இருந்தவர்கள் அந்த ஒலிபெருக்கியைப் போட்டு எல்லாரையும் கரையை விட்டு ஓடச் சொன்னார்கள். ஊர் தப்பியது.

அதே நாளில் குளச்சலிலும் மணக்குடியிலும் என்ன நடந்தது என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நல்லவாட்டைக் காப்பாற்றியது எது? போனா? போன் மட்டும் என்றால் ஒரு வீட்டுக்குத்தான் செய்தி போயிருக்கும். ஒலிபெருக்கியா? அது மட்டும் என்றால் சொல்ல செய்தியே இருந்திருக்காது. ஒரு உறவு, ஒரு போன், ஊருக்குப் பொதுவான ஒரு மைக், அந்த மைக்கில் வரும் குரலை நம்பும் பழக்கம். நான்கும் சேர்ந்ததால் ஊர் பிழைத்தது. கருவியை மட்டும் எண்ணிக் கணக்கெடுக்கும் ஆய்வில் நான்காவது விஷயம் எந்தக் கட்டத்திலும் அடங்காது.

ஒக்கிக்குப் பிறகு சில மாற்றங்கள் வந்தன, மறுக்க முடியாது. 2019-ல் ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் 'ஜெமினி' என்ற கருவியைக் கொண்டுவந்தது. செயற்கைக்கோளில் இருந்து வரும் எச்சரிக்கையை ஆழ்கடலிலும் பெறலாம். ஆனால் அது ஒருவழிப் பாதை. கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. "காப்பாற்றுங்கள்" என்று படகில் இருந்து கத்த அதில் வழியில்லை. பிறகு இஸ்ரோவின் உதவியோடு இருவழியிலும் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களை நாடு முழுக்க ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. நல்ல விஷயம். அதில் வரும் எச்சரிக்கை எந்தத் தமிழில் வரும் என்பதும் முக்கியம். 'மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகத்தில்' என்று வந்தால் ஒரு பொருள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்திருக்கிறவருக்கு அவருடைய சொல்லில் வந்தால் வேறு பொருள்.

யாருடைய ஆய்வு, யாருக்கு?

1980-ல் யுனெஸ்கோவின் மெக்பிரைடு குழு ஒரு அறிக்கை வெளியிட்டது. உலகில் செய்திகள் பணக்கார நாடுகளில் இருந்து ஏழை நாடுகளுக்கு ஒருவழியாகவே பாய்கின்றன, இது மாற வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியப் பத்திரிகையாளர் பி.ஜி.வர்கீஸும் அந்தக் குழுவில் இருந்தார். பெரிய சண்டையெல்லாம் நடந்தது. அமெரிக்கா 1984-ல் யுனெஸ்கோவை விட்டே வெளியேறியதற்கு இந்தத் தகராறும் ஒரு காரணம்.

ஆய்வு விஷயத்தில் நிலைமை தலைகீழ். இங்கே ஓட்டம் எதிர்த்திசையில். கரையில் இருந்து தகவல் எடுக்கப்படுகிறது. கேம்பிரிட்ஜிலும் பெர்க்லியிலும் கட்டுரையாகிறது. ஆங்கிலத்தில் வருகிறது, காசு கட்டிப் படிக்க வேண்டிய பத்திரிகையில் வருகிறது. 300 வள்ளக்காரர்கள் வாரம் தவறாமல் பதில் சொன்ன அந்தக் கணக்கின் முடிவு, அவர்களுடைய மொழியில், அவர்களுடைய கரைக்கு எந்த வழியில் திரும்பி வரும்? குமரிக் கடற்கரையைப் பற்றி அஜந்தா சுப்ரமணியன் 2009-ல் எழுதிய 'ஷோர்லைன்ஸ்' நூலும், மேலே சொன்ன கல்பனா ராம் நூலும் ஆங்கிலம். தமிழில் எழுதுகிறவர்கள் இல்லாமல் இல்லை. இதே மாவட்டத்தைச் சேர்ந்த பேராசிரியர் வறீதையா கான்ஸ்தந்தின் வருடக்கணக்காகக் கடற்கரை வாழ்வைப் பற்றித் தமிழில் எழுதி வருகிறார். ஆனால் வணிகவியல் வகுப்பறையில் அவர் புத்தகத்தை யார் எடுத்துப் பார்க்கிறார்கள்?

வகுப்பறை என்றதும் ஒரு விஷயம். நாகர்கோவிலைச் சுற்றி எத்தனை கல்லூரிகள்! ஒவ்வொன்றிலும் வணிகவியல் துறை. ஒவ்வொரு வருடமும் இறுதியாண்டு புராஜெக்ட். தலைப்பு என்ன? "ஒரு செல்போன் நிறுவனத்தின் சேவையில் வாடிக்கையாளர் மனநிறைவு". 50 பேரிடம் கேள்வித்தாள் (அதில் பாதியை ஹாஸ்டலிலேயே உட்கார்ந்து நிரப்புவது தனிக்கதை), நாலு வட்டப்படம், "பெரும்பாலானோர் திருப்தி அடைந்துள்ளனர்" என்று முடிவு, பைண்டிங், மதிப்பெண், கடைசியில் பழைய பேப்பர் கடை.

அந்த வகுப்பறைகளில் இருந்து முட்டமோ குளச்சலோ சின்னமுட்டமோ பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அமெரிக்காவில் இருந்து ஒருவர் ஐந்து வருடம் செலவழித்துச் சாளையின் விலையைக் கணக்கெடுத்திருக்கிறார். இங்கே இருக்கிறவர்களுக்கு ஒரு பஸ் டிக்கெட் தூரம். கேட்க வேண்டிய கேள்விகளோ ஏராளம். முன்பணம் வாங்கிய வள்ளத்துக்கும் வாங்காத வள்ளத்துக்கும் ஒரே நாளில் ஒரே மீனுக்குக் கிடைத்த விலை என்ன? கமிஷன் எவ்வளவு கழிகிறது? தலைச்சுமை வியாபாரம் செய்யும் ஒரு அம்மாவின் ஒருநாள் லாப நட்டக் கணக்கு என்ன? வாட்ஸ்அப்பில் விலை வருவதால் அவருக்கு லாபமா நட்டமா? இதற்கெல்லாம் கணிதப் புலமை வேண்டாம். அதிகாலையில் எழுந்திருக்கும் பழக்கமும் ஒரு நோட்டும் போதும்.

கடைசியாக

செல்போன் பயனற்றது என்பதல்ல இங்கே வாதம். வடகரை போன்ற கரைகளில் கடலில் கொட்டப்பட இருந்த சாளையைக் காப்பாற்றியது அது. அந்த உண்மை உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் தகவல் என்பது சாவி மாதிரி. கதவுக்கு வெளியே கடன் என்ற பூட்டு இன்னொன்று தொங்கினால் ஒரு சாவி போதாது.

அந்த இரண்டாவது பூட்டை எப்படித் திறப்பது என்பதும் இந்தக் கடற்கரைக்குத் தெரியாத ரகசியம் அல்ல. திருவனந்தபுரம் மாவட்டத்து மரியநாட்டில் 1970 வாக்கில் மீனவர்கள் தாங்களே சங்கம் வைத்து, தங்கள் மீனைத் தாங்களே ஏலம் விட்டு, விற்ற பணத்தில் ஒரு பங்கைக் கடனுக்கும் ஒரு பங்கைச் சேமிப்புக்கும் கழித்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதன் வழியில்தான் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு பிறந்தது. குமரி மாவட்டத்திலும் கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் முயற்சியில் ஊர்தோறும் மீனவர் சங்கங்கள் உருவாயின. செல்போன் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே நடந்தது இது. 2021-ல் கேரள அரசு மீன் ஏலத்தை ஒழுங்குபடுத்தச் சட்டமே கொண்டுவந்தது. விலை தெரிந்தால் மட்டும் போதும் என்றால், இத்தனை செல்போனுக்குப் பிறகு அந்தச் சட்டத்துக்குத் தேவை என்ன?

ஆகவே மீனவருக்கு வேண்டியது மூன்று. வட்டிக்கு அடிமையாகாத கடன், கோபுரத்துக்கு அப்பாலும் எட்டுகிற, பதில் பேசவும் முடிகிற தொடர்பு, அவரைப் பற்றிய ஆய்வு அவர் மொழியில் அவர் கரைக்கே திரும்பி வருவது. முதல் இரண்டையும் அரசும் சங்கங்களும் செய்ய வேண்டும்.

மூன்றாவதை நாகர்கோவிலில் இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு கிடைக்காமல் அலைந்துகொண்டிருக்கும் ஒரு மாணவர் நாளைக் காலையே தொடங்கலாம். முதல் பஸ் அதிகாலையிலேயே இருக்கிறது.